டிராக் போட் ரேஸில் இறங்கணுமா? முதலில் 12 நொடியைப் பிடியுங்கள்

படகு வாங்காதீர்கள். இப்போதைக்கு.

டிராக் போட் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாருமே முதலில் கேட்பது "என்ன போட் வாங்கலாம், எவ்வளவு ஆகும்" என்பதுதான். யூடியூபில் ஒரு நைட்ரோ ஹைட்ரோ (நைட்ரோமீத்தேனில் ஓடும் பந்தயப் படகு) மணிக்கு 250 மைலுக்கு மேல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், கை துறுதுறு என்று இருக்கிறது, புரிகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் படகுக்கும் நீங்களும் நானும் ஓட்டப்போகிற படகுக்கும் உள்ள தூரம், ஏர்பஸ் விமானத்துக்கும் டவுன் பஸ்ஸுக்கும் உள்ள தூரம். டவுன் பஸ்ஸில் ஆரம்பிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. சொல்லப்போனால் நிஜமான பந்தயமே அங்கேதான் நடக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இரண்டு படகு, நேர்கோடு, கால் மைல், அதாவது 1320 அடி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. தரையில் கார்கள் ஓடும் டிராக் ரேஸேதான், தார் ரோட்டுக்குப் பதில் ஏரி. மேல்தட்டில் ஓடும் டாப் ஃப்யூல் ஹைட்ரோக்களுக்கு (மேலே சொன்ன நைட்ரோ படகுகள்தான்) மட்டும் தூரத்தை 1000 அடியாகக் குறைத்திருக்கிறார்கள், வேகம் அந்த அளவுக்குப் போய்விட்டது. இது அமெரிக்காவில் வேர்விட்டு வளர்ந்த விளையாட்டு. நான் இருப்பது டெக்சாஸ் ஆஸ்டின் பக்கம் என்பதால் இங்கே சொல்வதெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. கலிஃபோர்னியா, அரிசோனா, ஒரிகன் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தின் விதிப்புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

முதல் சீசன்: கரையில்

ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் மார்பிள் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஆகஸ்டில் அங்கே லேக்ஃபெஸ்ட் நடக்கும், ஊர் நடுவில் இருக்கும் ஏரியில் டிராக் போட் பந்தயம். சான் ஆஞ்சலோவில் நாஸ்வர்தி ஏரி இன்னொரு இடம். டெக்சாஸ் வட்டாரத்தில் சதர்ன் டிராக் போட் அசோசியேஷன்தான் பழைய கை. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் அருகே உள்ள மிங் ஏரி இந்த விளையாட்டின் பழைய கோயில் மாதிரி. லூகாஸ் ஆயில் கம்பெனி நடத்திவந்த தேசியத் தொடர் 2018 சீசனோடு நின்றுபோனது, அதற்கப்புறம் வட்டாரச் சங்கங்கள்தான் தேரை இழுக்கின்றன. புதிதாக வருபவனுக்கு அது ஒரு வகையில் நல்லது, எல்லாம் தெரிந்த முகங்கள், பேசிப் பழகலாம்.

போங்கள், டிக்கெட் எடுங்கள், பிட்டுக்குள் (படகுகளை ஓட்டத்துக்குத் தயார்செய்யும் இடம்) போக அனுமதி இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். பார்வையாளர் மேடையில் உட்காராதீர்கள். பிட்டில் வேடிக்கை பார்த்தபடி நடங்கள், யாராவது ஒருவர் தனியாளாகப் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எங்கேயும் ஒருத்தர் இருப்பார். "உதவட்டுமா" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் ஒரு பெரியவரிடம் மாட்டிக்கொண்டேன். எழுபதைத் தொட்டவர், மகன் வராததால் கை போதவில்லை. முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ராம்ப்பில், அதாவது படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில், படகு இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பது. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் நின்றால் ஒரே நாளில் நாற்பது படகு உங்கள் மூக்குக்கு முன்னால் இறங்கி ஏறும். எது உடனே ஸ்டார்ட் ஆகிறது, எது ஸ்டார்ட்டரை உறுமவைத்துக்கொண்டே மிதக்கிறது, யார் பதறுகிறார்கள், யார் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடிக்கிறார்கள், எல்லாம் தெரியும். கார் டிராக்கில் இந்த இடம் கிடைக்காது.

ஒரு சீசன் இப்படி ஓடட்டும். செலவு, பெட்ரோலும் சன்ஸ்க்ரீனும்தான். இதிலேயே சலிப்புத் தட்டினால் நல்லது, பல்லாயிரம் டாலர் மிச்சம்.

12.00 என்ற எண்

நிறையப் பேர் புரிந்துகொள்ளாத விஷயம் இது. நம்மைப் போன்றவர்கள் ஓடும் வகுப்புகளில் யார் அதிவேகம் என்பது கேள்வியே இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு எண் உண்டு, இண்டெக்ஸ் என்பார்கள். ரிவர் ரேசர் என்றால் 12.00 நொடி. ஸ்டாக் எலிமினேட்டர் 11.00, மாடிஃபைட் 10.00, ப்ரோ 9.00, குயிக் 8.00, இப்படி ஏணிப்படி. கால் மைலை அந்த எண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாக ஓட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஓடணும், ஆனால் அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடிவிடக் கூடாது. ஓடினால் பிரேக்அவுட், தோல்வி. இரண்டு பேருமே பிரேக்அவுட் ஆனால் குறைவாக மீறியவருக்கு வெற்றி. பச்சை விளக்குக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் அது தனிப் பாவம், அங்கேயே முடிந்தது.

என்னுடைய டைம் ஸ்லிப் (ஓடிய நேரம் அச்சடித்த சீட்டு) ஒன்று இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எதிராளி 12.31. நான் 11.98. கரையில் நின்ற என் நண்பர்கள் நான் ஜெயித்துவிட்டேன் என்று குதித்தார்கள், ஏனென்றால் இரண்டு படகு நீளத்துக்கு மேல் முன்னால் வந்திருந்தேன். நூறில் இரண்டு பங்கு நொடி. கண்ணிமைக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு. வீட்டுக்கு மூட்டை கட்டினேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பச்சை விழுந்ததற்கும் நீங்கள் கோட்டைத் தாண்டியதற்கும் இடையில் உள்ள தாமதத்தை ரியாக்‌ஷன் டைம் என்பார்கள். நீங்கள் 0.05 தாமதத்தில் கிளம்பி 12.10 ஓடுகிறீர்கள், அவர் 0.15 தாமதத்தில் கிளம்பி 12.04 ஓடுகிறார். அவர் படகுதான் வேகம். ஆனால் முனையை முதலில் தொடுவது நீங்கள், 12.15க்கு 12.19. குதிரைத்திறனுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்குப் பதில் தூங்கி எழுந்து தெளிவான கண்ணோடு விளக்கைப் பார்த்தாலே இந்த 0.10 கிடைக்கும், காசே இல்லாமல்.

அதனால் நீங்கள் தேடவேண்டிய படகு வேகமான படகு அல்ல. காலை ஒன்பது மணிக்கு 12.2 ஓடி, மதியம் 38 டிகிரி வெயிலில் 12.3 ஓடி, சாயங்காலம் மறுபடி 12.2க்கு வரும் படகு. காற்று சூடானால் அடர்த்தி குறையும், எஞ்சின் சோம்பும், அது இயற்கை. ஆனால் எவ்வளவு சோம்பும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கணும். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி, வெப்பம், காற்றின் திசை, தண்ணீர் எப்படி இருந்தது, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, ஸ்லிப்பில் என்ன வந்தது. மொபைலில் போடுகிறேன் என்பீர்கள், ஈரக்கையோடு மொபைல் வேலைக்கு ஆகாது.

தண்ணீர் பற்றி ஒன்று. கண்ணாடி போல அசையாமல் கிடக்கும் ஏரிதான் வேகமானது என்று நினைத்திருந்தேன். தப்பு. முழுக்க மட்டமான தண்ணீர் படகின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ளும், விடாது. லேசான சிற்றலை இருந்தால் அடியில் காற்றுப் புகுந்து ஒட்டுதல் விட்டுப்போகும். அலை பெரிதானால் மறுபடி ஆபத்து. உங்களுக்கு முன்னால் ஓடிய ஜோடியின் அலை கரையில் மோதித் திரும்பி வரும், அது அடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இந்த விளையாட்டில் பாதி நேரம் காத்திருப்புதான், தொப்பி எடுத்துப் போங்கள்.

ஜெட்டா, வி-டிரைவா

தொடக்கத்துக்கு இரண்டு வழி. ஜெட் படகில் எஞ்சின் நேராக ஒரு பம்ப்பைச் சுற்றும், பம்ப் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். கியர்பாக்ஸ் இல்லை, ப்ரொப்பெல்லர் வெளியே இல்லை, ராம்ப்பில் கயிறு பிடித்து நிற்பவனின் கால் பத்திரம். வி-டிரைவில் எஞ்சின் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்திருக்கும், முன்னால் போகும் ஷாஃப்ட் ஒரு கியர் பெட்டியில் வி வடிவத்தில் மடங்கிப் பின்னால் வந்து ப்ரொப்பெல்லரைச் சுற்றும். அதே எஞ்சினுக்கு வி-டிரைவ் வேகம் அதிகம். பார்க்கவும் அம்சமாக இருக்கும், தட்டையான அடியோடு தண்ணீரில் பட்டும் படாமலும் போகும். ஆனால் அதை அடக்குவதற்குக் கால் தனியாகப் பழகணும், படகின் பின்முனையில் இருக்கும் கேவிடேஷன் தகடுகளைப் பெடலால் ஆட்டிக்கொண்டே மூக்கை அமுக்கிப் பிடிக்கணும். முதல் படகுக்கு ஜெட். இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

1970களில் செய்த பதினெட்டு அடி ஜெட் படகுகள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. சேங்கர், ஹோண்டோ, டெய்லர் என்று பழைய பெயர்கள். உள்ளே எஞ்சின் 454 ஷெவியோ 460 ஃபோர்டோ 455 ஓல்ட்ஸ்மொபீலோ, பின்னால் பெரும்பாலும் பெர்க்லி பம்ப். ஏதோ ஒரு கொட்டகையில், முன்னாள் கணவரின் சொத்தாக, பூனை குட்டி போட்டு வைத்திருக்கும். நான் என்னுடையதை டிரெய்லரோடு 6,500 டாலருக்கு வாங்கினேன், அதைச் சரியாக்க அதே அளவு இன்னொரு தடவை ஆனது. வீட்டில் சொன்ன கணக்கு வேறு, அதை இங்கே எழுதமாட்டேன்.

தட்டிப் பார்த்து வாங்குங்கள்

நாமக்கல்லில் லாரி பட்டறை வாசலில் வளர்ந்தவன் நான். சேஸிஸைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார் எங்கள் மேஸ்திரி. இங்கே உதவியது அந்தப் பழக்கம்தான்.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். எஞ்சின் எந்தக் கடையிலும் கிடைக்கும், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். படகின் உடல்தான் முக்கியம். ஃபைபர் தோலுக்கு உள்ளே நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடும், ஸ்ட்ரிங்கர் என்பார்கள், எஞ்சின் அதன்மேல்தான் போல்ட் போட்டு நிற்கிறது. ஐம்பது வருடத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால் போதும், தோல் பளபளவென்று இருக்க உள்ளே மரம் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும். ஒரு ரப்பர் சுத்தியலோ கெட்டியான நாணயமோ எடுத்துச் சட்டத்தின் மேல் ஒரு அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் "டக்" என்று கேட்கும். மக்கியது "தொப்" என்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் எஞ்சின் மவுண்ட் போல்ட் ஒன்றை ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறுங்கள். விலை பாதியானாலும் வேண்டாம்.

அடுத்தது பம்ப். எஞ்சினை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு (இதைச் செய்யாமல் கையை விட்ட ஆளின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன்), உறிஞ்சு வாயின் மேல் இருக்கும் மூடியைத் திறந்து கை விட்டு இம்பெல்லரின் (பம்ப்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) விளிம்பைத் தடவுங்கள். மண்ணும் கூழாங்கல்லும் போய்ப் போய் விளிம்பு ரம்பம் மாதிரி கடிபட்டிருந்தால் வேலை இருக்கிறது. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுதான் இடைவெளி இருக்கணும். ரெண்டு மூன்று கார்டு சேர்த்து நுழைந்தால் அழுத்தம் அங்கேயே கசிகிறது, எஞ்சின் கத்தும், படகு நகராது. மாற்றுவது பெரிய செலவு இல்லை, விலை பேச உதவும்.

இம்பெல்லரில் ஏ, பி, சி என்று அளவுகள் உண்டு. ஏ பெரியது, சுற்றக் கடினம். பம்ப் என்பது விசித்திரமான மிருகம்: சுற்றுவேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, திறன் முப்பத்துமூன்று சதவீதம் கூட வேண்டும். அதனால்தான் எஞ்சினில் நூறு குதிரை ஏற்றினேன், சுற்றுவேகம் காட்டும் டாகோமீட்டர் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது என்று புலம்புகிறவர்களைப் பார்க்கலாம். பம்ப்பைச் சரிசெய்த பிறகு எஞ்சினைத் தொடுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

பதிவு எண், டைட்டில் (உரிமைப் பத்திரம்) எல்லாம் விற்பவரின் பெயரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்கு அப்புறமோ பிறந்தவர் என்றால் படகு ஓட்டப் பாடம் முடித்த சான்றும் தேவை, ஆன்லைனில் முடித்துவிடலாம்.

உடம்பில் மாட்டுவது

இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் பேசுவதில்லை.

எட்டி ஹில் என்று ஒரு டெக்சாஸ்காரர், விச்சிட்டா ஃபால்ஸ். 1982இல் டிராக் போட்டில் மணிக்கு 229 மைல் ஓடிச் சாதனை செய்தவர். 1984இல் அரிசோனாவில் நடந்த விபத்தில் பலத்த காயம், அதற்கப்புறம் படகை விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினார். திரும்பிய மனிதர் 1988இல் டாப் ஃப்யூல் காரில் உலகிலேயே முதல்முறையாக ஐந்து நொடிக்குள், 4.990இல், கால் மைலை முடித்தார். தரையில் அத்தனை வேகம் போனவருக்கே தண்ணீர் என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது. தண்ணீர் மெத்தை இல்லை. 80 மைலில் விழுந்தால் கடப்பாக்கல்தான்.

வேகமான வகுப்புகளில் ஓட்டுநர் கேப்ஸ்யூல் என்னும் மூடிய கூட்டுக்குள் பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பார், படகு சிதறினாலும் கூடு தனியே பிரிந்து நிற்கும், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கும். அந்தக் கூட்டில் உட்கார வேண்டுமானால் நீச்சல்குளத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, பெல்ட்டைக் கழற்றி வெளியே வரும் பயிற்சி உண்டு. நம்முடைய திறந்த படகில் தத்துவம் நேர் எதிர்: பெல்ட் இல்லை, விபத்து நடந்தால் ஆள் படகைவிட்டு வெளியே விழுவதே நல்லது என்ற கணக்கு. அதனால் பந்தய லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் ஒரு சின்னப் பாராசூட் கூட வைப்பார்கள், தூக்கி வீசப்பட்டால் அது விரிந்து உடம்பு தண்ணீரில் தாறுமாறாக உருளாமல் இழுத்துப் பிடிக்கும். உங்கள் வகுப்புக்கு எது கட்டாயம் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கும். கட்டாயமோ இல்லையோ, பந்தயத்துக்கென்று செய்த, தொடைப்பட்டை உள்ள ஜாக்கெட் வாங்குங்கள். மீன்பிடிக்கப் போகும்போது மாட்டும் ஆரஞ்சு ஜாக்கெட் முதல் அடியிலேயே தலைவழியாகக் கழன்றுவிடும்.

முழுமுக ஹெல்மெட், ஸ்னெல் எஸ்.ஏ. முத்திரை (பந்தய ஹெல்மெட்டுக்கான தரமுத்திரை) உள்ளது, தேதி காலாவதியாகாதது. கழுத்துக்குக் காலர். அப்புறம் கில் ஸ்விட்ச் கயிறு, ஒரு முனை உங்கள் ஜாக்கெட்டில், மறுமுனை ஸ்விட்சில். நீங்கள் விழுந்தால் எஞ்சின் நிற்கணும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி உங்களிடமே வரும்.

படகுப் பரிசோதனையில் பெரும்பாலும் மாட்டுவது சின்ன விஷயங்களில்தான். த்ராட்டிலுக்கு இரண்டு ஸ்பிரிங் இருக்கிறதா, பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, கார்புரேட்டர் மேல் தீத்தடுப்பு வலை இருக்கிறதா, எஞ்சினுக்கும் பம்ப்புக்கும் நடுவில் சுற்றும் ஷாஃப்டுக்கு மேல் கவசம் இருக்கிறதா, தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா. முதல் தடவை என்னைத் திருப்பி அனுப்பினார்கள், ஒரு பெட்ரோல் குழாயின் கிளாம்ப் சரியில்லை என்று. எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்துப் படகுக்காரர் தன் டூல்பாக்ஸிலிருந்து ஒரு கிளாம்ப்பை எடுத்து நீட்டினார், காசு வாங்கவில்லை. மதியம் முதல் சுற்றில் அவரோடுதான் ஓடவேண்டி வந்தது.

ஓட்டம்

சங்க உறுப்பினர் கட்டணம், உடல் தகுதிச் சான்று, கண்காணிப்பில் சில தனி ஓட்டங்கள், இதெல்லாம் முடிந்தால்தான் ஜோடியாக ஓட விடுவார்கள். டெஸ்ட் நாள் என்று வைத்தால் தவறவிடாதீர்கள். பொது ஏரியில் பழகிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள், பல ஏரிகளில் வேகத்துக்கும் சத்தத்துக்கும் வரம்பு இருப்பதை மறந்துவிடுகிறார்கள், பின்பக்கம் திறந்த ஹெட்டர் (சத்தம் அடக்காத புகைக்குழாய்) வைத்த படகு என்றால் கரையிலிருந்து இறங்கும் முன்பே போலீஸ் வந்து நிற்கும்.

கார் மாதிரி கோட்டில் நின்று கிளம்ப முடியாது. படகுக்கு பிரேக் இல்லை, தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐடிலில், பெடலை அமுக்காமல், மெல்ல நெருங்குகிறீர்கள், விளக்கு எண்ணுகிறது, நீங்கள் கோட்டைத் தாண்டும் தருணமும் பச்சையும் ஒன்றாகச் சேரணும். ஓடும் பஸ்ஸில் ஏறத் தெரிந்தவர்களுக்கு இது பாதி புரிந்த மாதிரி. கரையில் ஒரு மரமோ கம்பமோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: அது என் தோளுக்கு நேராக வரும்போது எண்ணிக்கை எவ்வளவில் இருந்தது, ஸ்லிப்பில் என்ன வந்தது. நாலு ஓட்டத்தில் பிடிபட்டுவிடும்.

கிளம்பும்போது பின்னால் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் நாசிலைக் கீழ்நோக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே எதுவும் தெரியாது. படகு மட்டமானதும் நாசிலை மெல்ல மேலே தூக்கணும், மூக்கு லேசாக எழும், தண்ணீரில் உரசும் பகுதி குறையும், வேகம் கூடும். அதிகம் தூக்கினால் மூக்கு எம்பி எம்பிக் குதிக்க ஆரம்பிக்கும். அப்படிக் குதித்தால் அடம்பிடிக்காதீர்கள், நாசிலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. ஜெட் படகில் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகு திரும்புகிறது. பீய்ச்சுவது நின்றால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். பயம் வந்தால் கால் தானாகப் பெடலை விடும், காரில் அது சரி, இங்கே அதுதான் ஆபத்து. எனக்கு இரண்டாவது டெஸ்ட் நாளில் நடந்தது. முனைக் கோட்டைத் தாண்டிவிட்டேன், இடதுபக்கம் ஏதோ கட்டை மிதப்பது போலத் தெரிந்தது, சட்டென்று காலை எடுத்துவிட்டேன். மூக்கு தொப்பென்று விழுந்து தண்ணீரைக் கவ்வியது. நான் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறேன், படகு தன்பாட்டுக்கு நேராகப் போகிறது, அப்புறம் பின்பக்கம் வழுக்கி அரைச்சுற்று சுற்றியது. என்னைத் தவிர மற்றதெல்லாம் வலதிலிருந்து இடதுக்குப் போனது போல இருந்தது. படகு நின்றபோது கிளம்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டை என்று நான் நினைத்தது ஒரு வாத்து. மீட்புப் படகில் வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாத்து நலமா?" என்றார்.

சரி, எப்படி நிறுத்துவது? கோட்டைத் தாண்டியதும் காலை எண்ணி எண்ணி எடுங்கள். பாதி, கால்வாசி, அப்புறம் ஐடில். நேராகவே போங்கள், திரும்ப அவசரமில்லை, நிறுத்த இடம் நிறையத்தான் விட்டிருப்பார்கள். பக்கத்து லேன் படகு எங்கே என்று தெரிந்த பிறகே திரும்பணும், கரையோரத் திரும்புபாதையில் அலை எழுப்பாமல் வாருங்கள்.

படகு 12.00ஐவிட வேகமாக ஓட ஆரம்பித்துவிட்டால் (ஒரு நாள் ஓடும், சந்தோஷமாகவும் இருக்கும்) பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப் போல்ட் வைத்து முழுக்க அமுங்காமல் செய்துவிடலாம். ஒரு சுற்று, அரைச் சுற்று என்று போல்ட்டைத் திருப்பி, நோட்டில் எழுதி, எண்ணைப் பிடிக்கணும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் அந்த 11.98, அன்று மேகம் மூடிக் காற்று குளிர்ந்ததைக் கவனித்தும், போல்ட்டைத் தொடச் சோம்பல்பட்டதால் வந்தது. 11.00 வகுப்புக்குப் போகலாமே என்று உடனே தோன்றும். ஒரு முழு சீசன் 12இல் முதல் சுற்றையாவது தொடர்ந்து தாண்டுகிறவரை வேண்டாம் என்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

உறிஞ்சு வாயின் கம்பி வலையில் ஏரிப் பாசி சுற்றியிருக்கும், அன்றே பிடுங்கிவிடுங்கள், காய்ந்தால் கயிறாக முறுக்கிக்கொள்ளும். அடுத்த பந்தயத்தில் படகு காரணமில்லாமல் 0.3 நொடி தாமதமாக ஓடினால் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுதான்.

குளிர்காலத்துக்கு முன்னால் எஞ்சின் பிளாக்கிலிருந்து தண்ணீரை வடிக்கணும். இந்தப் படகுகள் ஏரித் தண்ணீரையே உள்ளே விட்டு எஞ்சினைக் குளிரவைக்கின்றன, மிச்சம் உள்ளே தங்கும். டெக்சாஸில் என்ன பெரிய குளிர் என்று இருந்தவர்களுக்கு 2021 பிப்ரவரி பாடம் நடத்தியது, ஊரே உறைந்து கரண்ட் இல்லாமல் கிடந்த வாரம் அது. நான் வடித்துத்தான் வைத்திருந்தேன். இரண்டு பக்கத்துத் திருகையும் திறந்தேன், இடதுபக்கம் கொட்டியது, வலதுபக்கம் ஒரு சொட்டு வரவில்லை, காலி போலிருக்கிறது என்று மூடிவிட்டேன். மார்ச்சில் கவர் எடுத்துப் பார்த்தால் வலதுபக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். உள்ளே துரு அடைத்து நின்றிருக்கிறது. திருகைத் திறந்து தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு கட்டுக்கம்பியை விட்டு, கொட்டுகிறவரை குத்துங்கள்.